இளகிய மனசுக்காரர் நிலத்தை எழுதி வாங்கியது ஏன்? வரலாற்று வியூக கேமில் பாத்திரங்களுக்குக் குணம் எழுதுவது

காரைக்குடியில் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு வியூக கேம் செய்துகொண்டிருக்கிறோம். 1905-ல் தொடங்கி 1942-ல் முடியும் கதை, ரங்கூனில் லேவாதேவி நடத்தும் ஒரு செட்டிநாட்டுக் குடும்பத்தை நடத்துவதுதான் ஆட்டம். முதல் வடிவம் ஓடத் தொடங்கிய அன்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த என் ஆயா (பாட்டி), கால் மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "இதுல யாரு யாருப்பா? எல்லாரும் ஒரே ஆளாத்தானே இருக்காக" என்றார். உண்மைதான். நாற்பது பாத்திரங்கள், நாற்பது பெயர்கள், நாற்பது முகங்கள், ஆனால் கடன் வாங்கியவர் பணம் கட்டவில்லை என்றால் நாற்பது பேரும் ஒரே மாதிரிதான் நடந்துகொண்டார்கள். அதைச் சரிசெய்யப் போய்க் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். கோட் எழுதத் தெரியாதவருக்கும் புரியும், ஒரு எக்செல் ஷீட் இருந்தால் போதும்.

நாங்கள் செய்த முதல் தப்பு, திறமையையும் குணத்தையும் ஒன்றாக நினைத்தது. ஒவ்வொருவருக்கும் கணக்கு 70, பேச்சு 55, துணிச்சல் 40 என்று எண்களைப் போட்டு வைத்திருந்தோம். இது பழைய முறை, தப்பான முறையும் இல்லை. 1985-ல் ஜப்பானின் கோய் நிறுவனம் சீனத்து மூன்று நாடுகளின் காலத்தை வைத்து ஆரம்பித்த கேம் வரிசையில் தளபதிகள் எல்லோரும் இப்படித்தான் எண்களோடு வந்தார்கள். ஆனால் கணக்கு 70 என்பது அவரால் என்ன முடியும் என்றுதான் சொல்கிறது. அவருக்கு என்ன பிடிக்கும், எதைச் செய்யக் கை கூசும், யார் சொன்னால் கேட்பார் என்பதெல்லாம் அந்த எண்ணுக்குள் இல்லை. ஐந்தொகையைக் காசு பிசகாமல் போடுகிற இரண்டு பேரில் ஒருவர் நஷ்டத்தை முதலாளியிடம் உடனே சொல்லிவிடுவார், இன்னொருவர் அடுத்த அறுவடைக்குள் சரிக்கட்டிவிடலாம் என்று மறைப்பார். இரண்டு பேருக்கும் கணக்கு 70-தான்.

சரி, குணத்தை எப்படி கேமுக்குள் கொண்டுவருவது? கம்ப்யூட்டருக்கு இளகிய மனசு என்றால் தெரியாது, கூட்டவும் கழிக்கவும்தான் தெரியும். அதனால் ஒரு பாத்திரத்தின் முன்னால் இருக்கிற ஒவ்வொரு வழிக்கும் ஒரு மதிப்பெண் கொடுக்கிறோம். எல்லோருக்கும் பொதுவான ஓர் அடிப்படை எண், அதோடு அவருடைய ஒவ்வொரு குணமும் கூட்டுவதும் குறைப்பதும், கடைசியாகச் சூழ்நிலை கூட்டுவதும் குறைப்பதும். எது அதிகமாக வருகிறதோ அதை அவர் செய்வார். இவ்வளவுதான் இதன் எலும்புக்கூடு, பெரிய கேம்கள் பலவற்றிலும் உள்ளே இதைப் போல ஒன்றுதான் ஓடுகிறது.

ஓர் உதாரணத்தை முழுதாகப் போட்டுப் பார்ப்போம், ஏனென்றால் எனக்கு இந்த விஷயம் உண்மையில் விளங்கியது இந்தக் கணக்கைப் போட்ட அன்றைக்குத்தான்.

ஆண்டு 1931. நெல் விலை விழுந்து கிடக்கிறது. பர்மாவில் பெகு ஊர்ப் பக்கத்தில் ஒரு விவசாயி நிலத்தை அடமானம் வைத்து வாங்கிய கடனைக் கட்ட முடியாமல் கடைக்கு வந்து நிற்கிறார். முதலாளிக்காகக் கடையை நடத்துகிற மேலாளுக்கு மூன்று வழி: தவணை தருவது, வட்டியைக் குறைப்பது, நிலத்தை எழுதி வாங்குவது. அடிப்படை எண்களை 50, 30, 20 என்று வைத்துக்கொள்வோம். நிலத்துக்கு ஏன் குறைச்சல் என்றால், பணத்தைச் சுற்றவிடுவதுதான் இந்தத் தொழில், நிலத்தில் முடங்கினால் பணம் செத்த மாதிரி.

முதல் மேலாளுக்கு இரண்டு குணம், இளகிய மனசும் பயந்த சுபாவமும். இளகிய மனசு வட்டிக் குறைப்புக்கு 20 கூட்டுகிறது, நிலத்துக்கு 25 குறைக்கிறது. பயந்த சுபாவம், வட்டியைக் குறைத்தால் முதலாளி கேட்பாரே என்று வட்டிக் குறைப்பில் 30 கழித்து, தவணைக்கு 10 கூட்டுகிறது. கூட்டிப் பார்த்தால் தவணை 60, வட்டிக் குறைப்பு 20, நிலம் −5. ஆக, தவணை கொடுக்கிறார்.

இரண்டாவது மேலாள் கறார் ஆள், ஆனால் வாக்குச் சுத்தம் உள்ளவர். கறார் குணம் தவணையில் 10, வட்டிக் குறைப்பில் 20 கழிக்கிறது, நிலத்துக்கு 20 கூட்டுகிறது. போன வருடம் இதே விவசாயியிடம் அறுவடை வரைக்கும் பொறுக்கிறேன் என்று சொல்லியிருந்தார், அதனால் வாக்குச் சுத்தம் தவணைக்கு 25 கூட்டி, நிலத்தில் 35 கழிக்கிறது. தவணை 65, வட்டிக் குறைப்பு 10, நிலம் 5. இவரும் தவணைதான் கொடுக்கிறார். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு பேரும் ஒன்று. ஒருவர் பயத்தில் பொறுக்கிறார், மற்றவர் சொன்ன சொல்லுக்காகப் பொறுக்கிறார்.

இப்போது ஊரிலிருந்து முதலாளியின் கடிதம் வருகிறது, "நிலுவைகளை உடனே முடிக்கவும்" என்று. இந்தக் கடிதம் நிலத்துக்கு 35 கூட்டுகிறது, தவணையில் 20 கழிக்கிறது. பயந்த சுபாவம் இருந்தால் கடிதத்தின் எடை இரண்டு மடங்கு என்று ஒரு விதி வைத்திருக்கிறோம். முதல் மேலாளுக்கு நிலம் 65 ஆகிறது, தவணை 20-க்கு இறங்குகிறது. இரண்டாமவருக்குத் தவணை 45, நிலம் 40. இளகிய மனசுக்காரர் நிலத்தை எழுதி வாங்கிவிட்டார், கறார் பேர்வழி இன்னும் பொறுத்திருக்கிறார்!

இதை நாங்கள் கதையாக எழுதி வைக்கவில்லை, எண்கள் தாமாகவே அங்கே கொண்டுபோய் நிறுத்தின. நல்லவர் நல்லது செய்வார், கெட்டவர் கெட்டது செய்வார் என்று எழுதியிருந்தால் இது நடந்திருக்காது. ஒரு பாத்திரம் நிஜ மனிதராகத் தெரியத் தொடங்குவது ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் இரண்டு குணங்களை அவருக்குக் கொடுக்கும்போதுதான் என்று நான் நினைக்கிறேன். ஒரே குணம் போதும் என்று விட்டுவிட்டால் பொம்மைதான் கிடைக்கும்.

அடுத்து இரண்டாவது கடிதம் வந்தால்? இன்னொரு 35 கூடும், இன்னொரு 20 கழியும், வாக்குச் சுத்தக்காரரும் நிலத்தை வாங்கிவிடுவார். வரலாறும் அப்படித்தான் போனது. கீழ் பர்மாவில் நெல் விளைகிற முக்கியமான 13 மாவட்டங்களில் 1930-ல் செட்டியார்களிடம் இருந்த நிலம் 6 சதவீதம், 1937-ல் அது 25 சதவீதம். ஏழே வருடத்தில் அத்தனை மேலாட்களுக்கும் திடீரென்று நிலத்தாசை பிடித்துவிட்டதா என்ன? உலகம் முழுக்க விலை விழுந்தது, கட்ட வேண்டிய பணம் நிலமாக வந்து சேர்ந்தது. பர்மா விவசாயிக்கு அது சொந்த நிலம் கைவிட்டுப் போன துயரம், இங்கே கடைக்குப் பணம் முடங்கிய கஷ்டம். கேமில் இரண்டு பக்கமும் தெரிய வேண்டும். ஆகவே வரலாற்று கேமுக்குக் குணம் எழுதும்போது, குணத்தின் எடையைவிடச் சூழ்நிலையின் எடை சில சமயம் பெரிதாக இருக்கும்படி இடம் விட்டுவையுங்கள். நெருக்கடி முற்ற முற்றக் குணங்களுக்கிடையே வித்தியாசம் குறையும். யார் எவ்வளவு காலம் தாக்குப்பிடித்தார்கள், அதற்கு என்ன விலை கொடுத்தார்கள் என்பதில்தான் ஆளுக்கு ஆள் மாறும்.

அந்த விலையைக் காட்டுவதற்கு நான் பார்த்ததிலேயே நல்ல வழி 2020-ல் வந்த க்ரூசேடர் கிங்ஸ் 3-ல் இருக்கிறது. ஸ்வீடனின் பாரடாக்ஸ் செய்த கேம். அதில் வளர்ந்த பாத்திரம் ஒவ்வொன்றுக்கும் பொதுவாக மூன்று குணங்கள் இருக்கும். தன் குணத்துக்கு விரோதமாக ஒரு காரியம் செய்தால் மன அழுத்தம் ஏறும். இரக்கமுள்ள அரசர் கைதியைக் கொன்றால் ஏறும், பேராசைக்காரர் பொன்னைத் தூக்கிக் கொடுத்தால் ஏறும். ஒரு அளவைத் தாண்டினால் அவர் உடைந்துபோய்க் குடி மாதிரியான பழக்கத்தில் விழலாம். நீங்கள் விளையாடுகிற பாத்திரத்துக்கும் இது உண்டு என்பதுதான் அழகு, உங்கள் இஷ்டத்துக்கு அவரை எதையும் செய்யவைக்கலாம், ஆனால் அவர் உடம்பு அதற்குக் கணக்கு வைத்துக்கொள்ளும். அதே கேமில் கம்ப்யூட்டர் நடத்துகிற பாத்திரங்களுக்கு உள்ளே துணிச்சல், இரக்கம், பேராசை, பழிவாங்கும் எண்ணம் என்று ஒன்பது அளவுகள் ஓடுகின்றன, குணங்கள் அந்த அளவுகளை ஏற்றி இறக்குகின்றன.

நாங்களும் அந்த யோசனையை எடுத்துக்கொண்டோம், ஆனால் உடைவதை நம் ஊர் மாதிரி மாற்றினோம். நிலத்தை எழுதி வாங்கிய அந்த இளகிய மனசுக்காரர் குடிக்கப் போகவில்லை. அவருடைய கடிதங்கள் சுருங்கிப்போகின்றன. முன்பெல்லாம் கடைச் செய்தி, மழைச் செய்தி, யார் வந்தார் போனார் என்று நாலு பக்கம் எழுதுவார், இப்போது வரவு செலவு மட்டும்தான். மூன்று வருடக் கணக்கு (ஒருமுறை கடைக்குப் போனால் அங்கே வேலை பார்க்கிற காலம்) முடிந்ததும் மறுபடி கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து தொழில் பார்க்க, போகச் சொன்னால் உடம்பு சரியில்லை என்கிறார்.

குணங்களின் பட்டியலை எடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள், வெளிநாட்டு கேம்களில் இருக்கும் பட்டியலை அப்படியே தமிழாக்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள். நாங்கள் அதைத்தான் முதலில் செய்தோம், ரோஷம் என்ற ஒன்றே பட்டியலில் இல்லை. கோபமும் இருந்தது, பெருமையும் இருந்தது, பழிவாங்கும் குணமும் இருந்தது, ஆனால் ரோஷம் இந்த மூன்றும் இல்லையே. ஆயிரம் ரூபாய் நஷ்டத்தைத் தாங்கிக்கொள்கிற மனிதர், கல்யாணத்துக்கு வீட்டுக்கு வந்து முறையாக அழைக்காமல் ஆள் மூலம் சொல்லியனுப்பினார்கள் என்பதற்காக இருபது வருடம் அந்த வாசல்படி ஏறமாட்டார். இது இல்லாமல் செட்டிநாட்டுக் குடும்பத்தை எழுத முடியாது, தமிழ்நாட்டில் எந்த ஊரையும் எழுத முடியாது. எங்கள் கேமில் ரோஷக்காரருக்குப் பண நஷ்டம் உறவில் 5 குறைக்கும், மரியாதைக் குறைவு 40 குறைக்கும், அதுவும் நாலு பேர் முன்னால் நடந்தால் 60. வைராக்கியம், வீம்பு, கூச்சம், இங்கிதம் எல்லாவற்றையும் இப்படித் தனித்தனியாக உட்கார்ந்து யோசித்தோம். வீம்புக்கும் வைராக்கியத்துக்கும் என்ன வித்தியாசம் என்று ஒரு சாயங்காலம் முழுக்கப் பேசியிருக்கிறோம். கடைசியில் கண்டுபிடித்தது, தனக்கு நஷ்டம் என்று தெரிந்த பிறகும் அடுத்தவர் பார்க்கிறார் என்பதற்காகப் பிடித்துக்கொண்டிருப்பது வீம்பு, யாரும் பார்க்காவிட்டாலும் பிடித்துக்கொண்டிருப்பது வைராக்கியம். கேமில் இதை வைப்பது சுலபம்: சாட்சிகள் இல்லாதபோது வீம்பின் எண் பூஜ்ஜியமாகிவிடும்.

இன்னொரு தப்பும் செய்தோம், இதைச் சொல்லாமல் விடக்கூடாது. எல்லா நகரத்தார் (செட்டிநாட்டுச் செட்டியார்) பாத்திரங்களுக்கும் சிக்கனம் என்று ஒரு குணத்தைப் பொதுவாகப் போட்டுவிட்டோம். ஒரு சமூகத்துக்கே ஒரு குணம் என்று எழுதுவது சோம்பேறித்தனம், அநியாயமும்கூட. கானாடுகாத்தானில் போய் ஒரு வீட்டை வெளியிலிருந்து பாருங்கள், பர்மாத் தேக்கில் தூணும், ஆத்தங்குடித் தளமும், இரண்டு தெருவுக்கு நீளும் கட்டுகளுமாக நிற்கிற வீட்டைக் கட்டியவரைச் சிக்கனக்காரர் என்ற ஒரே சொல்லில் அடைக்க முடியுமா? கோட்டையூரில் பிறந்த அழகப்பச் செட்டியார், மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் காரைக்குடிக்கு வர 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார், அது 1948-ல் அடிக்கல் நாட்டப்பட்டது. அதே காலத்தில் அதே ஊர்களில் காலணாவுக்குக் கணக்கு கேட்டவர்களும் இருந்திருப்பார்கள்.

அப்போது சமூகத்தை எங்கே வைப்பது? வழக்கத்தில் வையுங்கள். வழக்கம் எல்லோருக்கும் பொது, அந்த வழக்கத்துக்குள் ஒவ்வொருவரும் எப்படி நடந்துகொள்கிறார் என்பது அவரவர் குணம். மூன்று வருடக் கணக்கு ஒரு வழக்கம். ஒரு கோயிலைச் சேர்ந்தவர்கள் பொதுவாகத் தங்களுக்குள் பெண் கொடுத்து எடுப்பதில்லை என்பது வழக்கம், ஒன்பது நகரக் கோயில்களும் யார் யாருக்குப் பங்காளி, யார் சம்பந்தியாகலாம் என்பதை முடிவு செய்துவிடுகின்றன. கல்யாணமான மகனை அதே வீட்டில் தனி அடுப்பு வைத்து வேறு வைப்பது வழக்கம். ஒரே வளவை (வீட்டின் உள் முற்றத்தை) சுற்றி நாலைந்து அடுப்பு எரியும், வீடு ஒன்றுதான், வரவு செலவு தனித்தனி. ஒரு வியூக கேம் செய்கிறவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்! வேறு வைக்கும் அன்று எந்த மருமகளுக்கு எவ்வளவு அரிசி, எவ்வளவு பாத்திரம் என்பதில் ரோஷக்காரர் ஒருவிதமாகவும் இங்கிதம் தெரிந்தவர் ஒருவிதமாகவும் நடந்துகொள்வார்.

பெண் பாத்திரங்களைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பல வரலாற்று கேம்களில் பெண் என்றால் கல்யாண ஒப்பந்தத்தில் ஒரு வரி, அவ்வளவுதான். புருஷன் மூன்று வருடம் ரங்கூனில் இருக்கும்போது இந்த வீட்டை நடத்தியது யார்? ஆச்சிதான், அவர் மனைவி. வயலும், வேலையாட்களும், கோயில் காரியமும், பிள்ளைகளின் படிப்பும் அவர் கையில். சீதனமாக வந்த பணம் அவர் பேரிலேயே வட்டியில் ஏறிக்கொண்டிருக்கும். எங்கள் கேமில் கடை நொடிக்கும்போது அந்தப் பணத்தை எடுத்துக் கொடுப்பதா வேண்டாமா என்பதை ஆச்சியின் குணம்தான் முடிவு செய்கிறது, ஆட்டக்காரர் பட்டனை அழுத்தி எடுத்துக்கொள்ள முடியாது, கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

குணம் எந்தப் பதவியில் இருந்துகொண்டு வெளிப்படுகிறது என்பதும் முக்கியம். பெட்டியடிப் பையனாக (கடைப் பணப்பெட்டியடியில் வேலை பார்க்கும் பையனாக) இருக்கும்போது கறார் குணம் இருந்தால் சில்லறையைத் திரும்பத் திரும்ப எண்ணுவான், அவ்வளவே. மேலாளுக்கு அடுத்த பதவியான அடுத்தாள் ஆனால் பேரேட்டில் பிழை கண்டுபிடித்து மேலாளுக்குச் சங்கடம் உண்டாக்குவான். மேலாள் ஆனபின் அதே குணம் ஒரு கிராமத்தின் தலையெழுத்தை மாற்றும். ஆகவே ஒரு பாத்திரத்தைச் சிறு வயதிலேயே ஆட்டத்துக்குள் கொண்டுவந்து, பதவி ஏற ஏறக் குணத்தின் எடையைக் கூட்டிக்கொண்டே போங்கள்.

அப்புறம், கொஞ்சம் ஏற்ற இறக்கமும் வேண்டும், இல்லாவிட்டால் இரண்டாம் தடவை ஆடும்போது எல்லோரையும் முன்கூட்டியே தெரிந்துவிடும். சிவிலைசேஷன் 5 என்ற வியூக கேமில் ஒவ்வொரு தலைவருக்கும் ஒவ்வொரு விருப்பத்துக்கும் 1 முதல் 10 வரை ஓர் எண் உண்டு, ஆட்டம் தொடங்கும்போது அது 2 வரை ஏறலாம் இறங்கலாம். காந்திக்கு அணுகுண்டு விருப்பத்தை மட்டும் 12 என்று வைத்தார்கள், 2 குறைந்தாலும் 10 இருக்கட்டும் என்று. பழைய சிவிலைசேஷனில் ஒரு கணக்குப் பிழையால் காந்தி அணுகுண்டு போட்டார் என்ற கதை பரவியிருந்ததால் வைத்த வேடிக்கை அது. அந்தப் பழைய கதையே கட்டுக்கதைதான் என்று கேமை உருவாக்கிய சிட் மேயரே 2020-ல் எழுதிவிட்டார். எனக்கு அந்த வேடிக்கை பிடிக்கவில்லை, வரலாற்று மனிதரை எடுத்தால் அவர் எதைச் செய்யவே மாட்டார் என்பதற்குத்தான் முதலில் எண் போட வேண்டும். ஆனால் 2 ஏறும் 2 இறங்கும் என்ற முறையைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.

வரலாற்று கேமுக்கே உரிய ஒரு சிக்கல் பாக்கி இருக்கிறது. ஆட்டக்காரருக்கு 1941 டிசம்பர் 23-ல் ரங்கூனில் ஜப்பான் குண்டு போடப்போவது தெரியும். பாத்திரத்துக்குத் தெரியாது, தெரியவே கூடாது. எங்கள் கேமைச் சோதித்த நண்பர் ஒருவர் 1939-லேயே எல்லாவற்றையும் விற்றுப் பணத்தை ஊருக்குக் கொண்டுவரப் பார்த்தார். கேமில் அவரது மேலாள் மறுத்துவிட்டார், கடன்காரர்கள் இப்போதுதான் தலைநிமிர்கிறார்கள், இந்த நேரத்தில் விற்றால் பாதி விலைகூட வராது என்று. அந்த மறுப்பு வருவதற்கு நாங்கள் செய்தது சின்ன வேலை: ஒவ்வொரு பாத்திரத்துக்கும் உலகத்தைப் பற்றிய ஒரு நம்பிக்கையை எண்ணாக வைத்தோம். நெல் விலை ஏறும் என்று எவ்வளவு நம்புகிறார், ஆங்கிலேயர் ஆட்சி நிலைக்கும் என்று எவ்வளவு நம்புகிறார். செய்தி வர வர அந்த எண் மாறும், துணிச்சல்காரருக்கு மெதுவாகக் குறையும், பயந்தவருக்கு வேகமாக. குணத்தையும் நம்பிக்கையையும் பிரித்து வைத்தால், புத்திசாலி ஒருவர் தவறான முடிவு எடுப்பது ஆட்டக்காரருக்கு நியாயமாகவே படும்.

இதெல்லாம் உள்ளே ஓடினால் போதாது, வெளியே தெரிய வேண்டும். "குணம்: பயந்தவர்" என்று அட்டையில் எழுதிக் காட்டுவது ஒரு வழி, ஆரம்பத்தில் அதுவே போதும். க்ரூசேடர் கிங்ஸில் ஒருவர் உங்களை ஏன் வெறுக்கிறார் என்று தட்டிப் பார்த்தால் காரணங்கள் எண்ணோடு வரிசையாக வரும், புதிதாகச் செய்கிறவர்கள் அதைக் கட்டாயம் வைக்க வேண்டும், காரணம் தெரியாத வெறுப்பை ஆட்டக்காரர் பிழை என்றுதான் நினைப்பார். எங்களுக்குப் பிடித்த வழி கடிதம். முதலாளி காரைக்குடியில் இருக்கிறார், கடை ரங்கூனில் மொகல் தெருவில் இருக்கிறது, நடுவில் கடல். நடந்ததை விவரமாக அவர் தெரிந்துகொள்ளக் கப்பலில் வருகிற கடிதத்தைத் தவிர வேறு பெரிய வழியில்லை. ஒரே செய்தியை நாலு குணத்துக்கு நாலு விதமாக எழுதி வைத்திருக்கிறோம். பயந்தவர் நஷ்டத்தைக் கடைசிப் பத்தியில், ஊரார் நலம் விசாரித்ததற்கு நடுவில் ஒளித்து வைப்பார். கறாரானவர் முதல் வரியிலேயே தொகையை எழுதிவிடுவார். வீம்புக்காரர் பக்கத்துக் கடையின் நஷ்டம் நம்முடையதைவிடப் பெரிது என்று தொடங்குவார்.

நீங்கள் தொடங்கும்போது நாற்பது பேர் வேண்டாம். இரண்டு பேர், மூன்று குணம், ஒரு கடன்காரர், ஒரு கடிதம் போதும். எக்செல் ஷீட்டில் போட்டு எண்களை மாற்றி மாற்றி நூறு தடவை ஓட்டிப் பாருங்கள். இரண்டு பேரும் எப்போதும் ஒன்றையே செய்தால் குணத்தின் எடை போதவில்லை, எப்போதும் வேறு வேறாகவே செய்தால் சூழ்நிலையின் எடை போதவில்லை. போன மாதம் ஆயாவுக்கு மறுபடி காட்டினேன். திரையில் வந்த ஒரு கடிதத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "இவுக எதையோ மறைக்கிறாகளே" என்றார். பெயர் என்னவென்று அவர் பார்க்கவே இல்லை.